எந்த வீடு என்று கேட்ட டேட்டாபேஸ்

காரைக்காலில் பிறந்த நௌஷினுக்கு நிகரான டேட்டாபேஸ் மேதை இந்தப் பூமியில் இதுவரை பிறந்ததில்லை. இனிமேல் யாராவது பிறப்பதாக இருந்தாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பிறக்க வேண்டும். அரசலாற்றில் நீந்தும் மீன்களைப் பேர், தாயார் பேர், குடியிருக்கும் மடு என்று வரிசைப்படுத்தி அன்று மாலைக்குள் கொடுத்துவிடுவாள். கடலில் ஓர் அலை தன் முறை மறந்து தடுமாறினால், கரையில் நின்றபடியே அடுத்தது யார் என்று எடுத்துச் சொல்லிவிடுவாள். வானத்தில் இரண்டு தடவை பதிவாகிவிட்ட நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து, உபரியை நீக்கச் சொல்லி மேலிடத்துக்குத் தகவலும் அனுப்பியிருக்கிறாள். பதில்தான் இன்னும் வரவில்லை.

அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரியவில்லை. எந்த டேட்டாபேஸைப் படிப்பது என்று தெரியவில்லை.

கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பை முடித்துவிட்டு, மொட்டை மாடியில் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருந்தவளுக்கு ஒரே வாரத்தில் இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. ஒன்று சென்னையில். ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் கம்பெனி. அங்கே போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் தெரிய வேண்டும். நேரில் வந்து, விடுதியில் தங்கி வேலை பார்க்க வேண்டும். இன்னொன்று திருச்சிக்காரர் ஒருவர் நடத்தும் சின்னக் கம்பெனி. ஆன்லைனில் சாமான் விற்கிறவர்கள். அங்கே மாங்கோடிபி தெரிய வேண்டும். ஆபீஸ் என்று ஒன்று கிடையாது, வீட்டிலிருந்தே வேலை. இரண்டு இடத்திலும் சொல்லிவைத்தாற்போல ஒரே நிபந்தனை. அவளுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு விஷயத்தைத் தங்கள் டேட்டாபேஸில் செய்து காட்டிவிட்டு, திங்கட்கிழமைக்குள் வருகிறாயா இல்லையா என்று சொல்ல வேண்டும். இரண்டிலும் கால் வைத்துக்கொண்டிருந்தால் எதுவும் உருப்படாது, ஒன்றைப் பிடித்து ஆழமாகப் படி என்று கல்லூரியில் பாடம் எடுத்தவர்களும் சொல்லியிருந்தார்கள்.

எந்த டேட்டாபேஸ் என்பது எந்த ஊர் என்ற கேள்வியாகவும் இருந்தது. அதுதான் சிக்கல்.

மற்ற ஊர்களில் கல்யாணம் ஆனால் பெண் அழுதுகொண்டு கிளம்புவாள். நௌஷினின் தெருவில் அந்த வழக்கம் இல்லை. வீடு பெண்ணுக்கு. நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர்வான். பெண் பிறந்த கட்டிலிலேயே கிழவியாவாள். உம்மா ஷரீபுன்னிசா இந்த வீட்டில் பிறந்தவள். வாப்பா காஜா மைதீன் மாப்பிள்ளையாக வந்து, வந்த கையோடு ஷார்ஜாவுக்குப் போய், இன்றைக்கும் போனுக்குள்தான் குடியிருக்கிறார். ஆக, இந்த வீட்டுப் பெண்ணைக் கிளப்பிக் கொண்டுபோகிற சக்தி கல்யாணத்துக்குக் கிடையாது. வேலைக்கு மட்டும்தான் உண்டு.

நௌஷினுக்கு ஒரு தங்கை இருக்கிறாள். பேர் தஹ்ஸீன்; அக்காவை லாத்தா என்று கூப்பிடுகிறவள். அவளுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பத்தாவதோடு மனஸ்தாபம். இதை எழுதிக்கொண்டிருப்பதும் அவள்தான். ஆனால் 'நான், நான்' என்று எழுதினால் பெருமை பேசுவதுபோல் ஆகிவிடும். வெளியாள் மாதிரி தஹ்ஸீன் என்று சொல்லிக்கொண்டால் எவ்வளவு வேண்டுமானாலும் புகழலாம். ஆகவே சொல்லிவிடுவோம்: தஹ்ஸீன் ஓர் அறிவாளி. இரண்டு டேட்டாபேஸைப் பற்றியும் ஒன்றுமே தெரியாமல், மாங்கோடிபிதான் சிறந்தது என்று முதல் நாளே கண்டுபிடித்தவள்.

உம்மாவும் அந்தக் கட்சிதான், ஆனால் வாய் திறந்து சொல்லவில்லை. சென்னை விடுதியில் ஆணம், அதாவது குழம்பு, என்ற பேரில் தண்ணீர் ஊற்றுவார்களாமே என்று அடுப்பைப் பார்த்துப் பேசினாள். வாப்பா போனில் கேட்டுவிட்டு, எது நாளைக்கும் நிலைத்து நிற்குமோ அதைப் படி என்றார். எது நிற்கும் என்று கேட்டதற்கு லைன் கட்டாகிவிட்டது. அது தானாகக் கட்டானதா என்று இன்றுவரை தெரியாது.

நௌஷின் யாரோடும் வாதாடவில்லை. அவளுக்கு யோசனை வந்தால் ஆள் பாதிதான் இங்கே இருப்பாள். மிச்சப் பாதி கடற்கரைச் சாலையில் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். தேநீரை வாயருகே கொண்டுபோய், குடிக்க மறந்து, கலங்கரை விளக்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். விளக்குக்கு மேலே வந்து நிற்கிற மேகத்தைப் பார்த்து, இதை எந்தக் கட்டத்தில் போடுவது, நேற்று வந்ததும் இதுவும் ஒன்றா வேறா என்று மெல்லக் கேட்பாள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மேகம் கடந்துபோகிற நேரம் ஆகும்.

செய்து காட்ட என்ன விஷயம் எடுப்பது என்ற கேள்விக்குப் பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. பெரியம்மா மகன் நஜ்முதீனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். யார் யாரை அழைப்பது என்ற பொறுப்பு உம்மாவிடம். கல்யாணச் சாப்பாடு அஞ்சு கறி சோறு; ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்து பேராக உட்கார்ந்து சேர்ந்து சாப்பிடுகிற சஹன். எத்தனை சஹன் என்பது தெரிந்தால்தான் சமையல்காரர் அரிசி போடுவார். அதையே செய்துவிடலாம் என்று நௌஷின் முடிவெடுத்தாள். முதலில் மாங்கோவில், பிறகு போஸ்ட்கிரெஸில். எதில் மனசு நிற்கிறதோ அதுதான்.

மாங்கோவில் வேலை கனவு மாதிரி ஓடியது. ஒவ்வொரு வீடும் ஒரு பொட்டலம். வீட்டைத் திறந்தால் உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் வரிசையாக இருப்பார்கள். ஒரு வீட்டில் பூனை உண்டு, இன்னொரு வீட்டில் இல்லை. எப்படி எழுதினாலும் அது கோபித்துக்கொள்ளவில்லை. மதியம் மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே உட்கார்ந்து நௌஷின் தெருத் தெருவாக எழுதிக்கொண்டே போனாள். காற்றில் புடவைகள் உப்பி உப்பி அடங்க, அவளுக்குத் தெருவே ஒரு கப்பல் கூட்டமாகத் தெரிந்தது. ஒவ்வொரு வீடும் தன் ஆட்களை ஏற்றிக்கொண்டு மெதுவாக அசைந்து கடல் பக்கம் போவதுபோல் இருந்தது.

சாயங்காலம் எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு கீழே போனாள். உம்மா கேட்டுவிட்டு, வெங்காயம் உரித்த கையோடு நிமிர்ந்தாள்.

"நம்ம தெருவுல இவ்வளவு ஆம்பளைங்க எப்ப வந்தாங்க? பாதிப் பேரு வெளிநாட்டுலல்ல கெடக்குறாங்க?"

மேலே வந்து ஒவ்வொரு பொட்டலமாகத் திறந்து பார்த்தபோதுதான் தப்பு புலப்பட்டது. வேறு எந்த ஊர்ப் பெண்ணும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள். கல்யாணமான ஆண் ஒவ்வொருவனுக்கும் இங்கே இரண்டு வீடு. உம்மா வீட்டில் போய்ப் பசியாறுவான். அதாவது காலைச் சாப்பாடு அங்கே. மதியமும் இரவும் பெண்டாட்டி வீட்டில். அழைக்கும்போது இரண்டு வீட்டிலும் சொல்லியாக வேண்டும், ஒன்றை விட்டாலும் மனக்கசப்பு. நௌஷின் அந்த வழக்கத்தோடு வளர்ந்தவள், யோசிக்காமலே அவனை இரண்டு வீட்டிலும் எழுதிவிட்டாள். பொட்டலத்துக்குள் பொட்டலமாக ஒவ்வொரு மருமகனும் இரண்டு ஆளாகப் பெருகி, இரண்டு சஹனில் உட்கார்ந்து, அஞ்சு கறியையும் இரண்டு தடவை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒருவருடைய போன் நம்பரை ஒரு வீட்டில் மாற்றினால், இன்னொரு வீட்டில் அவர் பழைய நம்பரோடு சந்தோஷமாக வாழ்ந்துகொண்டிருந்தார்.

மாங்கோவிலும் வேறு மாதிரி எழுதி இதைச் சரிசெய்யலாம் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தப்பாக எழுதியபோது அது ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது அவள் மனசில் உட்கார்ந்துகொண்டது.

தஹ்ஸீன் அந்த வாரம் சும்மா இருக்கவில்லை. அக்கா தொழுகைக்குப் போன இடைவெளியில், மாங்கோவுக்குள் கபீர் என்று ஓர் ஆளைப் புகுத்திவிட்டாள். அப்படி யாரும் கிடையாது. தொழில் என்ற இடத்தில் 'நிலாவுக்குச் சாயம் பூசுவது' என்று எழுதினாள். 'பிடித்த ஆணம்' என்று புதிதாக ஓர் இடத்தையே உண்டாக்கி அதையும் நிரப்பினாள். மாங்கோ மரியாதையாக வாங்கிக்கொண்டது. எவ்வளவு நல்ல மனசு என்று தஹ்ஸீனுக்கு நெகிழ்ந்துவிட்டது. வீட்டிலேயே இருக்க விடுகிற டேட்டாபேஸ் வேறு எப்படி இருக்கும்.

நௌஷின் கபீரைக் கண்டுபிடித்தாள், சிரித்தாள், நீக்கினாள். பிறகு போஸ்ட்கிரெஸைத் திறந்தாள்.

இது வேறு ஜாதகம். எடுத்ததும் இரண்டு கட்டம் போடச் சொன்னது. ஆட்களுக்கு ஒன்று, வீடுகளுக்கு ஒன்று. ஒவ்வோர் ஆளும் எந்த வீடு என்று சொல்ல வேண்டும். சொன்ன வீடு வீடுகளின் கட்டத்தில் ஏற்கெனவே இருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே விடாது. நௌஷினுக்கு இது பழகிய குரலாக இருந்தது. ஜவுளிக்கடையில், பஸ் நிறுத்தத்தில், நோன்புக் கஞ்சி வாங்கும் வரிசையில், ஊரில் யாரைப் புதிதாகப் பார்த்தாலும் பெரியவர்கள் கேட்கிற முதல் கேள்வி இதுதானே. பேர் கூட இரண்டாவதுதான். நீங்க எந்த வீடு?

ஆனால் அதிலும் அவள் ஒரு முட்டில் வந்து நின்றாள். ஆளுக்கு ஒரு வீடு என்றுதான் இடம் விட்டிருந்தாள். கல்யாணமான ஆண்களை எங்கே போடுவது? அன்று பார்த்து மாப்பிள்ளையே மாடிக்கு வந்தான். நஜ்முதீன் மொபைல் கடையில் வேலை பார்க்கிறான். பெண் வீடு இரண்டு தெரு தள்ளி. இருந்தும் நாடு கடத்தப்படுகிறவன் மாதிரி கொஞ்ச நாளாக முகம் வாடிப்போயிருந்தான். மாப்பிள்ளைக்குப் புகுந்த வீட்டுப் பயம் என்று தஹ்ஸீன் தெரு முழுக்க அறிவித்திருந்தாள்.

"நானா, ஒங்களை நிக்காஹ்வுக்கு அப்புறம் எந்த வீட்டுல எழுதட்டும்?" என்று நௌஷின் அண்ணனைக் கேட்டாள்.

அவன் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தான். கேலி செய்கிறாளோ என்று சந்தேகப்பட்டு அவள் முகத்தைப் பார்த்தான். அவள் நிஜமாகத்தான் கேட்டாள்.

"ரெண்டும் என் வீடுதானே. ஒண்ணை அழிச்சிட்டு இன்னொண்ணை எழுதாத."

"அப்ப நீங்க ரெண்டு ஆளா ஆயிருவீங்க."

"ஆள் ஒண்ணுதான் நௌஷின். போற வர்றதுதான் ரெண்டு."

ரொம்ப வசனம் பேசிவிட்டோமோ என்று அவனுக்கே வெட்கமாகிவிட்டது. வந்த வேலையை மறந்து கீழே இறங்கிப் போய்விட்டான்.

நௌஷின் அப்படியே உட்கார்ந்திருந்தாள். போகிறதும் வருகிறதும் ஆளுக்குள்ளும் இல்லை, வீட்டுக்குள்ளும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு கட்டம் வேண்டும். அதில் இன்ன ஆள், இன்ன வீடு, இன்ன உறவு, எப்போதிலிருந்து, எப்போது வரை. ஆள் ஒருவன், அவனுக்கு அங்கே இரண்டு வரி. ஒரு வரி பிறந்த வீடு, இன்னொன்று புகுந்த வீடு. அழைக்க வேண்டுமென்றால் வரிகளை எண்ணிக்கொள்ளலாம், சோறு போட வேண்டுமென்றால் ஆட்களை எண்ணிக்கொள்ளலாம். கல்லூரியில் இதைப் பரீட்சைக்காக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள்தான். ஆனால் அன்றைக்கு அது வெறும் விடை. இப்போது அதில் நஜ்முதீன் நானா ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தான்.

வெயில் தாழ்ந்து ஈரக் காற்று வரத் தொடங்கியதும் அவள் கண் தானாக மூடிக்கொண்டது. கனவில் தெரு முழுக்க நூல். ஒவ்வோர் ஆண் தோளிலிருந்தும் இரண்டு நூல் கிளம்பி, கூரைகளுக்கு மேலே பட்டத்து நூல் மாதிரி லேசாகத் தொய்ந்து, இரண்டு வாசலில் போய்க் கட்டிக்கொண்டிருந்தது. ஷார்ஜாவிலிருந்து வாப்பாவின் நூல் கடலைத் தொட்டும் தொடாமலும் நீண்டு வந்து, அவர்கள் வீட்டு நிலைப்படியில் முடிந்திருந்தது. எந்த நூலும் மற்றதோடு சிக்கவில்லை. எதுவும் அறுந்தும் போகவில்லை. அவள் தன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஒரே ஒரு நூல்தான் இருந்தது. இரண்டாவது நூலின் நுனி கையில் இருந்தது. காற்று அதை வடக்குப் பக்கமாக மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. அவள் விடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. (இந்தக் கனவை அவளே சொன்னாள். தஹ்ஸீன் கற்பனை செய்தது பட்டத்தை மட்டும்தான்.)

விழித்தபோது கன்னத்தில் விசைப்பலகையின் அச்சு பதிந்திருந்தது. இரவுச் சாப்பாட்டில் அவள் பேசிய ஒரே வார்த்தை, உப்பு இருக்கா என்பது. அக்கா இப்படி அமைதியாக இருந்தால் ஏற்கெனவே எங்கோ போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம்.

ஆகவே மறுநாள் தஹ்ஸீன் தன் அறிவையெல்லாம் திரட்டி போஸ்ட்கிரெஸின் மேல் படையெடுத்தாள். திட்டம் எளிது. இதற்குள்ளும் கபீரைப் புகுத்த வேண்டும். கணக்கு குழம்ப வேண்டும். சீ, இதுவும் இப்படித்தானா என்று அக்காவுக்கு வெறுத்துப்போக வேண்டும்.

கபீர் என்று எழுதினாள். எந்த வீடு என்றது. ஒன்றும் எழுதாமல் விட்டாள். முடியாது என்றது. இல்லாத ஒரு வீட்டு எண்ணைப் போட்டாள். அப்படி ஒரு வீடே கிடையாது என்று திருப்பி அனுப்பியது. போன் நம்பர் இல்லாமல் விட்டாள். அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. நிலாவுக்குச் சாயம் பூசுகிறவனைத் தெரு முனையில் நிறுத்திவைத்து, கருவேலங்காட்டு முள் மாதிரி ஒவ்வொரு கேள்வியாகக் குத்தியது. கடைசியில் தஹ்ஸீன் பொறுமையிழந்து ஏதோ ஒரு நம்பரைப் போட்டு, ஏதோ ஒரு வீட்டைக் காட்டி, ஏதோ ஓர் உறவைச் சொல்லி உள்ளே தள்ளிவிட்டாள். முழுக்க முழுக்கக் குறும்புக்காக. வேறு நோக்கம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை வந்தது. மாலை அஸர் தொழுகை முடிந்து நௌஷின் மாடிக்கு வந்தாள். தஹ்ஸீன் அங்கே துணி மடிக்கிறவள் போல் அதே சட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். நௌஷின் லேப்டாப்பைத் திறந்து கடைசியாக ஒருமுறை சரிபார்த்தாள். எந்த வீட்டுக்கு யார் வருகிறார்கள், எந்த வீட்டிலிருந்து யார் போகிறார்கள் என்று கேட்டாள். அது தெரு வரிசைப்படி வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே வந்தது. ஒரு வரியில் அவள் விரல் நின்றது. நின்றது நின்றபடியே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து ஏதோ எழுதினாள். திருச்சிக்காரருக்கு நன்றி சொல்லி ஒரு மெயில், சென்னைக்கு வருகிறேன் என்று ஒரு மெயில். இரண்டையும் அனுப்பிவிட்டு நிமிர்ந்தாள்.

"போஸ்ட்கிரெஸ்" என்றாள்.

"தெரியும்" என்றாள் தஹ்ஸீன். சட்டை மறுபடி மடிந்தது. "அதுல கூட தப்பு வருமாமே."

"வந்துச்சு. கபீர்னு ஒருத்தர் நம்ம வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்துருக்காரு. பிறந்த வீடு எதுன்னு தெரியல. புகுந்த வீடு நம்ம வீடு."

"கம்ப்யூட்டர் தப்பா இருக்கும்."

"அது எந்த வீடுன்னுதான் கேட்டுச்சு. பதில் சொன்னது வேற ஆளு."

தஹ்ஸீன் சட்டையை உதறி மறுபடி மடித்தாள். ஊரில் இருக்கிற அத்தனை வீட்டையும் விட்டுவிட்டு ஏன் இந்த வீடு என்று அக்கா கேட்டிருந்தால், கைக்கு வந்தது என்று சொல்லத் தயாராக இருந்தாள். அக்கா அதைக் கேட்கவில்லை. லேப்டாப்பை மட்டும் இந்தப் பக்கம் திருப்பிவைத்தாள். கபீருக்குக் கீழே, நௌஷின் பேரில் இப்போது இரண்டு வரி இருந்தது. ஒன்று சென்னை, வேலைக்காக, அடுத்த வாரத்திலிருந்து. இன்னொன்று இந்த வீடு, பிறந்ததிலிருந்து. எப்போது வரை என்ற இடம் அதில் காலியாக இருந்தது.

"அந்த எடத்தை நான் எப்பவும் நிரப்ப மாட்டேன்" என்றாள் நௌஷின். "அது அப்படியே இருக்கட்டும்னு விட்டா, அது ஏத்துக்குது."

பிறகு போனை எடுத்தாள். கபீருக்கு எதிரே இருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். துணிக் குவியலுக்குள்ளிருந்து தஹ்ஸீனின் போன் அடித்தது. எடுக்காமல் இருக்க முடியாத அளவுக்குச் சத்தமாக, ரொம்ப நேரம் அடித்தது. எடுத்தாள். மாடியின் அந்தக் கோடியில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கடலைப் பார்த்தபடி நௌஷின் பேசினாள்.

"அஸ்ஸலாமு அலைக்கும் கபீர் மச்சான். நான் வேலைக்குப் போறேன். லீவு கெடைக்கிறப்பல்லாம் வந்துருவேன். அதுவரைக்கும் உம்மாவைப் பாத்துக்கங்க, தஹ்ஸீனைப் பாத்துக்கங்க. அவ குறும்பு பண்ணா திட்டாதீங்க, அவளுக்கு வேற மாதிரி சொல்லத் தெரியாது."

கபீரின் போனைத் தஹ்ஸீன் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்குதா?"

"சரியா கேக்கல லாத்தா" என்றாள் தஹ்ஸீன். "இங்க காத்து ஜாஸ்தி. கண்ணுலல்லாம் மண்ணு."

நௌஷின் திரும்பிப் பார்த்தாள். கொடியில் கிடந்த புடவை ஒன்றுகூட அசையவில்லை.

"காத்தே இல்ல தஹ்ஸீன்" என்றாள்.